முழு டிக்கெட்

மலேசியாவின் ஈப்போ நகர நீதிமன்றத்திலிருந்து சொந்த ஊரான செமோருக்குத் திரும்பும் பஸ்ஸில் நாகையா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். காலையில் தான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடப்பதைப் பக்கத்தில் இருக்கும் தங்கை செல்லாயி பார்த்துக்கொண்டே வருகிறாள். மாணவர் ஊர்வலத்தில் அவனோடு போலீஸிடம் பிடிபட்ட கூட்டாளிகள் எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, படிப்பையும் இழந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மறுத்தவன் இவன் ஒருவன்தான். இவன் வழக்கை அரசு வக்கீல் இன்றைக்கும் தவணை கேட்டு வேறொரு தேதிக்குத் தள்ளிவிட்டார். வழக்கு முடியும்வரை பல்கலைக்கழகம் அவனை வாசலுக்குள் விடாது. கண்ணாடியில் மழைத்தண்ணீர் கோணல்மாணலாக இறங்குகிறது. “ஒத்துக்கிட்டிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும் லா, அண்ணே,” என்கிறாள் செல்லாயி மெதுவாக. “முடிஞ்சிருக்கும். படிப்பும்தான்,” என்கிறான். கண்டக்டர் டிக்கெட் துளைக்கும் கிளிப்பரைச் சொடுக்கிக்கொண்டே வருகிறார். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனைத் தெரிந்தவர். “என்னா பெரிய படிப்பு, லீவு இன்னும் முடியலயா? ஸ்டூடன் டிக்கெட்டுதானே லா, பாதிக் காசு?” நாகையாவின் கை சட்டைப் பைக்குப் போகிறது. மாணவர் அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பது செல்லாயிக்குத் தெரியும். காலையில் கூண்டில் நிமிர்ந்து நின்று “நான் குற்றவாளி இல்லை” என்ற குரலுக்காக அவள் காத்திருக்கிறாள். கை வெறுமனே கீழே இறங்குகிறது. “முழு டிக்கெட்டே குடுங்கண்ணே,” என்கிறான்.