ஞாயிற்றுக்கிழமை விசில்

“இவன்தான் சார் கொன்னது! எங்கண்ணனைக் கொன்னுட்டு, விடிய விடியப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான் பாருங்க. என்ன நெஞ்சழுத்தம்!”

குவாரி ஆபீசின் தகரக் கூரை அதிரும்படி கத்தினான், செத்துப்போன மேஸ்திரியின் தம்பி.

இன்ஸ்பெக்டருக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஜீப் பாதி மலையோடு நின்றுவிட்டது, மீதியை நடந்தே ஏறியிருந்தார். பிணத்தைக் காலையிலேயே போர்வையில் சுற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் வந்தவருக்கு மிச்சம் இருந்தது கொலைகாரன் மட்டும்தான்.

அவன் மூலையில், தரையில் கிடந்தான். வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் அறைந்ததில் உதடும் ஒரு கண்ணும் வீங்கியிருந்தன. உடம்பில் வெறும் பனியன், அதில் திட்டுத் திட்டாக ரத்தம். ஒரு கால் முழங்காலோடு சரி. ஊர் அவனுக்கு வைத்த பெயர் ஒத்தைக்காலன்.

“கால் எப்படிப் போச்சு?”

“மூணு வருஷம் ஆச்சு சார். வெடி வைக்கிறப்போ மேஸ்திரி விசில் ஊத மறந்துட்டார். இவன் மேல கல்லு விழுந்துடுச்சு,” என்றார் டீக்கடைக்காரர். “அன்னைக்கே சொன்னான், ‘உன் சாவு என் கையாலதான்’னு. ஊரே கேட்டுச்சு சார்.”

ஊருக்குக் காது நல்ல கூர்மை.

“போட்டிருந்த சட்டையையும் காணோம். ரத்தம் பட்டிருக்கும்னு எங்கேயோ ஒளிச்சுட்டான்,” என்றான் தம்பி.

பகை இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, ஆளும் கையில் இருக்கிறான். ஒத்தைக்காலன்தான் கொலைகாரன் என்று ஊர் ஒற்றைக் காலில் நின்றது. இன்ஸ்பெக்டருக்கும் இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“நேத்து சாயங்காலம் யார் யார் எங்கே இருந்தீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

நல்லவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? வரிசையில் வந்தார்கள்.

“கடையிலதான் சார் இருந்தேன்,” என்றார் டீக்கடைக்காரர். “லீவு நாள்லயும் மேலே ஏறிக் குவாரியை ஒரு சுத்து சுத்தாட்டி மேஸ்திரிக்குத் தூக்கம் வராது. நாலு மணிக்குப் பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன், அவர் விசில் கேட்டுச்சு.”

“நாலரைக்கு நல்ல மழை சார்,” என்றாள் தையல்காரி. “எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அப்பவும் ஊதிக்கிட்டுதான் இருந்தார்.”

“அஞ்சு மணிக்கு நான் படுத்திருந்தேன் சார்,” என்றார் குவாரி வாட்ச்மேன். “போர்வையைத் தலையோட இழுத்துப் போர்த்தியும் காதுல விழுந்துச்சு.”

தம்பி மூக்கைச் சிந்தினான். “அஞ்சரைக்கு நான் சீட்டாடிக்கிட்டிருந்தேன் சார். கூட நாலு பேர் சாட்சி இருக்காங்க. எங்கண்ணன் விசில் எனக்குத் தெரியாதா? மெலிசா கேட்டுச்சு. ஆறு மணிக்கு நின்னுபோச்சு. அப்பத்தான் சார் இந்தப் பாவி...”

மேலே பேச முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

நாலு, நாலரை, அஞ்சு, அஞ்சரை என்று இன்ஸ்பெக்டர் நோட்டில் வரிசையாக எழுதினார். இவ்வளவு ஒற்றுமையாகச் சாட்சி சொல்லும் ஊரை அவருடைய சர்வீசில் பார்த்ததில்லை.

ஆபீஸ் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்.

“இன்ஸ்பெக்டர், இது கொலையே இல்லை. பாறை சரிஞ்சு தொடை நசுங்கியிருக்கு. ரெண்டு மணி நேரமா ரத்தம் போய்தான் ஆள் செத்திருக்கார். யாரோ ஒரு சட்டையைக் கிழிச்சுத் தொடையில இறுக்கிக் கட்டியிருக்காங்க. ஒரு மணி நேரம் முன்னாடி கட்டியிருந்தா, மனுஷன் பிழைச்சிருப்பார்.”

போனை வைத்தவர், மூலையில் கிடந்த வெறும் பனியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்தார்.

“நேத்து லீவு. வெடி கிடையாது. அப்புறம் விசில் எதுக்கு?”

டீக்கடைக்காரருக்குத் திடீரென்று கடை ஞாபகம் வந்து, வாசல் பக்கம் நகர்ந்தார். தம்பியின் அழுகை, குழாயைத் திருகியது போல நின்றது.

மூலையிலிருந்து பதில் வந்தது.

“நீளமா ஒண்ணு ஊதினா வெடி, விலகி ஓடணும் சார். மூணு மூணா ஊதினா யாருக்கோ அடிபட்டிருக்கு, ஓடி வாங்கன்னு அர்த்தம். குவாரியில கை வைக்கிற அன்னைக்கே சொல்லிக் கொடுத்துடுவாங்க. நேத்து மூணு மூணாதான் ஊதினார்.”

“நீ எப்போ கிளம்பினே?”

“முதல் விசிலுக்கே சார். மழையில கட்டையை ஊன்றி ஏறணும்ல? வழுக்கி விழுந்ததுல அதுவும் உடைஞ்சுபோச்சு. தவழ்ந்துதான் போனேன். போய்ச் சேர ஆறு ஆயிடுச்சு. ‘நீயா வந்தே?’ன்னு கேட்டார். கட்டி முடிக்கிறதுக்குள்ள போயிட்டார். என்னால இறங்க முடியலை, அவரைத் தனியா விடவும் மனசு வரலை.”

“ரெண்டு காலும் இருக்கிறவன் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருபது நிமிஷம் சார்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “உன் காலை எடுத்தவன் அவன். உனக்கு மட்டும் என்ன தலையெழுத்து, அந்த மழையில ஏற?”

ஒத்தைக்காலன் வீங்காத கண்ணால் எதிரே நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். அதில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

“பாதி வழியில திரும்பிப் பார்த்தேன் சார், ஒருத்தரும் வரலை. மழைச் சத்தத்துல இவங்க யாருக்கும் கேட்கலை போலிருக்குன்னு நினைச்சுத்தான் ஏறினேன்.”