லெட்டூஸ் செவக்கணும்

"ஏட்டி ரெனிஷா! அந்த எளவு லைட்ட அணைப்பியா மாட்டியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஜெபதாஸ் மாமா போட்ட சத்தத்துல தென்னையில இருந்த காக்கா ரெண்டும் பறந்துட்டுது.

பிளாஸ்டிக் ஷீட்டு மூடுன பாலிஹவுசுக்குள்ள இருந்து ரெனிஷா தலைய மட்டும் வெளிய நீட்டினா.

"மாட்டேன் மாமா. ராத்திரி பகலா ஏழு நாளு எரியணும்."

"ஒனக்க ரோஸ் வெளிச்சம் எங்க ஜன்னலு வழியா வந்து கண்ணு கூசுது. எங்களுக்கு உறக்கமே இல்ல, கேட்டியா? கீரைக்கு எதுக்குட்டி லைட்டு? அது பரீட்சைக்குப் படிக்கவா போவுது?"

"செவக்கதுக்கு!"

"ஓ... சாயம் ஏத்துறியா?"

"சாயம் இல்ல மாமா! வெயிலு நல்லா பட்டாத்தான் இந்த எல செவக்கும். பத்து நாளா மானம் மூடிக் கெடக்கு. வெயிலு செய்யாத வேலைய லைட்டு செய்யும்."

"ஆமா, சூரியனுக்கு இவ அசிஸ்டெண்டு!"

மாமா முணுமுணுத்துட்டே போனாரு.

போகட்டும்! ரெனிஷாவுக்கு வேற கவலை. போன தடவ அவ கொண்டுபோன செவப்பு லெட்டூஸ், அதான் அந்த சாலட்டு கீரை, பச்சப்பசேல்னு நின்னுது. கன்னியாகுமரி ரிசார்ட்டு செஃப் ஷாஜன் ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. "வர்ற சனிக்கிழமை செவப்பா கொண்டு வா. இல்லேன்னா ஆர்டர ஊட்டியில சொல்லிருவேன்."

சென்னை வேலைய விட்டுட்டு வந்து பாலிஹவுஸ் போட்டவ அவ. இந்த ஆர்டரும் போனா, மறுபடி சென்னைக்கு பஸ்ஸு ஏற வேண்டியதுதான்.

விடமாட்டேன்னு நின்னா. ஆனா கரண்டும் நெலையா நிக்கணுமே!

லைட்டு எரியும். திடீர்னு வோல்டேஜ் கொறையும். ஸ்டெபிலைசர் 'டக்'குனு கட் ஆவும். ஓடிப்போய் மறுபடி போடுவா. கொஞ்ச நேரம் எரியும், மறுபடி 'டக்'கு. ரெண்டு நாளு இப்படியே வீணாப் போச்சு. எல ஒண்ணு கூட செவக்கல.

மூணாம் நாளு காலையில பாத்தா, ஜெபதாஸ் மாமா லைன்மேன் ஸ்ரீகுமார கூட்டிட்டு வந்து நிக்காரு. கரண்டு போஸ்ட்ட காட்டுறாரு, பாலிஹவுஸ காட்டுறாரு, கைய ஆட்டி ஆட்டிப் பேசுறாரு.

கம்ப்ளெய்ண்டு குடுத்தாச்சு!

ரெனிஷாவுக்கு உச்சந்தல வரைக்கும் சூடு ஏறிச்சு. "யாரு போய் என்ன சொன்னாலும் அணைக்க மாட்டேன்!"

"எனக்குச் செவி நல்லா கேக்கும். சத்தம் போடாதட்டி"ன்னுட்டு மாமா உள்ள போயிட்டாரு.

ஆச்சரியம் என்னன்னா, அன்னைக்கு ஸ்டெபிலைசர் ஒரு தடவ கூட கட் ஆவல. மறுநாளும் ஆவல. அதுக்கும் மறுநாளும்!

மொதல்ல எல ஓரத்துல பீட்ரூட் சாறு தொட்டு வச்சாப்ல ஒரு கோடு. அப்புறம் பாதி எல. வெள்ளிக்கிழமை பாத்தா முழுசும் நாவப்பழ நெறம்! ரெனிஷா பாலிஹவுசுக்குள்ள ஒத்தையில குதிச்சா.

சனிக்கிழமை ஷாஜன் ஒரு எலய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதாக்கும் நான் கேட்டது. வாரம் ரெண்டு தடவ கொண்டு வா."

வந்த வேகத்துல ரெனிஷா அவ வீட்டுக்குப் போவல. கையில செவப்பா ஒரு லெட்டூஸ தூக்கிட்டு நேரா ஜெபதாஸ் மாமா வீட்டுக்குப் போனா. இன்னைக்கு நாலு வார்த்த நறுக்குன்னு கேக்காம விடப்போறதில்ல!

முற்றத்துல மாமா உக்காந்திருந்தாரு. அவருக்க உள்ளங்கையில ஞானபாய் மாமி தேங்காயெண்ண தடவிட்டு இருந்தா. தோலு பொளிஞ்சு ரெண்டு கையும் செவந்து கெடந்துது.

"கம்ப்ளெய்ண்டு குடுத்தியளே மாமா, இப்போ பாத்தியளா செவப்ப?"

மாமா வெடுக்குனு கைய மறைச்சாரு. "பாத்தேன், பாத்தேன். இனியாவது அந்த எளவ அணைப்பியா?"

"கம்ப்ளெய்ண்டா?" மாமி நிமிந்தா. "என்னட்டி சொல்லுத? ஒனக்க லைட்டு ஏன் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு கேக்கத்தான் இவரு லைன்மேன விளிச்சாரு. எங்க கெணத்து மோட்டார் ஓடும்போ ஒனக்கு வோல்டேஜ் கொறையுதுன்னு அவன் சொன்னான்."

"ஏட்டி ஞானபாய், நீ சும்மா இரி!"

மாமி சும்மா இருக்கல.

"அன்னையில இருந்து மோட்டார தொடல மக்களே. வீட்டுக்கும் ரெண்டு பசுவுக்கும் கெணத்துல வாளி போட்டுத்தான் இந்த மனுசன் தண்ணி கோருதாரு."