விண்கதிருக்கு ஒரு பொன்னாடை

அவமானப்பட்டது உப்புத் துகள். கடலிலிருந்து காற்றேறி வந்து, ஈரத்தை மேலே சுமந்து சுமந்து ஐப்பசி மேகத்தைத் திரட்டியவர்களில் அவளும் ஒருத்தி. அந்த மேகமோ பாராட்டு விழாவில் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, விண்வெளியிலிருந்து பூமிக்குப் பாய்ந்து வரும் விண்கதிருக்குப் பொன்னாடை போர்த்தியது.

"நட்சத்திரங்களைத் தாண்டி வந்தவராக்கும்! இவர் தொட்டதால்தான் நான் உருவானேன்" என்று மேடையில் குழைந்தது மேகம்.

"அதுக்கு என்ன ஆதாரம்?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டாள் உப்புத் துகள்.

விண்கதிர் சிரித்தது. "நான் வந்தேன், மேகம் வந்தது. வேறென்னம்மா வேணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் அடுத்த ஐப்பசிக்கும் பின்வரிசைதான். எழுந்து நின்றாள்.

"நீங்களும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம் சார், நான் மறுக்கலை. ஆனா நீங்க வருஷம் பூரா தினமும்தானே வர்றீங்க? காற்று எங்களைத் தூக்கிட்டு வராத சித்திரையிலயும் வந்தீங்களே, அப்ப மேகம் எங்கே போச்சு?"

கூட்டம் மேடையைப் பார்த்தது. மேகமும் மெல்லத் திரும்பி விருந்தினரைப் பார்த்தது.

தோளிலிருந்து நழுவிய பொன்னாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விண்கதிர் சொன்னது:

"அது இன்னும் ஆய்வில் இருக்கும்மா."