தலையைப் பிடித்தவன்

"அசையாத தம்பி. தலை இப்ப என்னுது."

ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து அழுத்திக்கொண்டு அரிகிருஷ்ணன் கத்தினான். பந்தயக் காரின் பின்பக்கம், எஞ்சின் மூடியின் மேல் வயிற்றைக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். சூடு ஆரஞ்சு அங்கியைத் தாண்டித் தோலைத் தொட்டது.

உள்ளே பெல்ட்டுகளோடு உட்கார்ந்திருந்தவன் பத்ரி. சேலையூர்ப் பையன். தேசியப் போட்டியின் கடைசிப் பந்தயம் அது.

மேட்டைத் தாண்டி இறங்கும் வளைவில், முன்னால் போன கார் சுழன்று தடத்தின் குறுக்கே நின்றுவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. மஞ்சள் கொடியைத் தூக்குவதற்குள் பத்ரியின் கார் அதன் விலாவில் மூக்கால் போய் இடித்து, அதை இடப்பக்கம் தள்ளிவிட்டது.

முன்னால் போனவன் நிகில். பத்ரியின் தெருக்காரன். பள்ளிக்கூட வயதில் நிகிலின் அப்பா இரண்டு பேரையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் பக்கம் கோ-கார்ட் ஓட்டக் கூட்டிப் போவார். தடத்தில் கொடி பிடிக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை.

தலைக்கு மேலிருந்த பாதுகாப்பு வளையம் பத்ரியைக் காப்பாற்றியிருந்தது. கழுத்தைப் பற்றித்தான் தெரியவில்லை.

எலும்பில் சின்ன விரிசல் இருந்தால் போதும். தப்பாக ஒரு திருப்பு, ஆயுசுக்கும் படுக்கை. அதனால்தான் தலையைப் பிடிக்கிறவனுக்கு அவ்வளவு அதிகாரம். டாக்டர் பார்த்துச் சொல்லி, அவன் கையை எடுக்கும்வரை ஓட்டுநரை யாரும் அசைக்கக்கூடாது.

பந்தய நாட்களில்தான் அரிகிருஷ்ணன் தடத்தின் மீட்புக் குழுவில்; வார நாட்களில் மறைமலை நகரில் வேலை. ஒரு சின்ன கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகட்டை வைத்து, மிதித்து, எடுக்க வேண்டும். தலை பிடிக்க யார் என்று மீட்புக் குழுப் பயிற்சியில் கேட்டபோது எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணா, இது கையா, இரும்பப் புடிக்கற வைஸா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பத்ரி கேட்டான்.

"பிரஸ் ஷாப் கை. புடிச்சா வுடாது."

பத்ரி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"நிகில் வெளிய வந்துட்டானா?"

"மொதல்ல உன்னப் பாரு."

"லெஃப்ட்லதான இருக்கான்? ஒரு செகண்ட் பாத்துக்கறேன்."

ஹெல்மெட் இடப்பக்கம் ஒரு நூல் திரும்பியது. அரிகிருஷ்ணன் அதை நேராக்கிப் பிடித்தான்.

"கழுத்து போனா காலும் போச்சு. ரோட்டப் பாரு."

பத்ரி ரோட்டைப் பார்த்தான். காலி ரோடு. டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள்.

பத்ரியின் காதுக்குப் போகும் ரேடியோ ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் முதல் வேலையாக அரிகிருஷ்ணன் அதைப் பிடுங்கியிருந்தான். பயிற்சியில் அது கடைசி வேலை.

டாக்டர் ரோஹிணி இடப்பக்கத்திலிருந்து வந்தார். பத்ரியின் கை விரல்களை மடக்கச் சொன்னார். கால் விரல்களை அசைக்கச் சொன்னார். பிடரியில் விரலை வைத்து மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே வந்து, வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு அரிகிருஷ்ணனின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். பத்ரியின் காதில் ரப்பர் அடைப்பு. கத்தினால்தான் கேட்கும்.

"டாக்டர் என்னண்ணா சொல்றாங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கணுமாம்."

டாக்டர் அரிகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தார். வந்த பக்கமே திரும்பிப் போனார்.

பிரஸ் ஷாப்பில் கூட வேலை செய்த சின்னப்பனின் விரல்கள் மெஷினில் போன அன்றைக்கும் தலையைப் பிடித்தது அரிகிருஷ்ணன்தான். முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்தி, மெஷின் பக்கம் திரும்ப விடாமல். அங்கே அதுதான் முதலுதவி. கட்டு, தண்ணீர் எல்லாம் அப்புறம். யாராவது ஒரு சாக்கைக் கொண்டுவந்து மெஷின் மேல் போடும்வரை முகத்தை விடமாட்டார்கள். பார்க்காதவன் நடந்தே போய் வண்டியில் ஏறுவான். பார்த்துவிட்டவனைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

"நான்தான இடிச்சேன்?" பத்ரியின் குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றியது. "பிரேக் போட்டேண்ணா. போட்டேன்."

"தெரியும். சத்தம் கேட்டுச்சு."

"அவன்கிட்டயும் சொல்லுங்க. இல்லன்னா வாழ்நாள் பூரா என்னக் கிண்டலடிச்சே ஓட்டுவான்."

அரிகிருஷ்ணன் கையை மாற்றிப் பிடிக்கவில்லை. வயிற்றில் சூடு தாங்க முடியாமல் ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆரோன் வந்து பக்கத்தில் குந்தினான். அதே கம்பெனி, அதே ஷிஃப்ட். குரலைத் தணித்தான்.

"அண்ணே, கழுத்துல ஒண்ணியும் இல்ல, வுடலாம்னு டாக்டரம்மா அப்பவே சொல்ட்டாங்களாமே. இன்னாத்துக்கு இன்னும் புடிச்சிகினு கீற?"

அரிகிருஷ்ணன் கண்ணால் இடப்பக்கம் காட்டினான்.

அங்கே ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேர் ஒரு நீல விரிப்பை நிகிலின் காரின் மேல் இழுத்துப் போடப் பார்த்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது.

ஆரோன் ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைத்தான். ஓடவில்லை. நடந்து போய் விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்தான்.