புகையிலைப் பாத்தியில் தண்ணீர்

அனகாபுத்தூரில் காலையிலிருந்து மழை விடவில்லை. ஃபாயிசா அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடையாய் நடக்கிறாள். கொல்லையில் அவள் கணவர் ஷாகுல் கணுக்கால் சேற்றில் நின்று, புகையிலைப் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டுகிறார். களிமண் வெட்ட வெட்ட மூடிக்கொள்கிறது. தண்ணீரிலேயே நின்றும் இலைகள் மஞ்சளாகித் துவண்டு தொங்குகின்றன. இனிக் கடையில் பீடி வாங்கமாட்டேன் என்று டாக்டரிடம் சத்தியம் செய்துவிட்டு, அவரே விதை போட்டு வளர்த்த ஒன்பது செடிகள். ஒன்பதும் அழுகட்டும் என்றுதான் அவள் தினமும் துஆ கேட்கிறாள். அவர் இருமத் தொடங்குகிறார், இருமல் நிற்கவில்லை. “உள்ள வாங்க, நனையாதீங்க.” “வேர் அழுகிடும் ஃபாயிசா, இன்னும் ரெண்டடிதான்.” அவள் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப்போய் மண்வெட்டியைப் பிடுங்குகிறாள். “நீங்க போங்க, நான் வெட்டுறேன்.” படியேறி நின்று தலையைத் துவட்டிக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் ஆழமா” என்கிறார் அவர். செடிகளைப் பார்க்காமல் வாய்க்காலை ஆழமாகவே வெட்டுகிறாள்.