சாத்தாத வாசல்

பதினான்கு வருஷம் ஒரு பங்களாவின் கேட்டைக் காத்துவிட்டுச் செத்துப்போன ஜாக்கி என்கிற நாய், பரலோகத்தின் முத்து வாசலுக்கு வந்ததும் பழக்கப்படி வெளியிலேயே படுத்துக்கொண்டது. ஒரு மழை நாளில் பங்களாவுக்குள் கால் வைத்ததற்காகத் துடைப்பத்தால் வாங்கிய அடி அதற்கு இன்னும் மறக்கவில்லை.

"உள்ளே வாப்பா" என்றார் வாசலில் நின்ற தேவதூதர்.

"நான் உள்ளே வந்துட்டா வாசலை யாருங்க பார்த்துக்குவாங்க?"

"இந்த வாசலைச் சாத்துறதே இல்லை."

"அப்புறம் நீங்க எதுக்குங்க காவலுக்கு நிக்கிறீங்க?"

"திறந்து கிடந்தாலும் வெளியிலேயே படுத்துக்கிறவங்களைக் கூப்பிடத்தான்."

ஜாக்கி மெல்ல எழுந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு முன்னங்காலை மட்டும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்தது. அப்படியே உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தது.

அடி விழவில்லை.