மாடி அறைப் பேச்சு

“அழாதீங்க சார். உங்க ஒய்ஃபுக்கு ஒரு வார்த்தை போகாது. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கும்.”

மாடிப்படி ஏறி வந்த ரெத்தினம் அப்படியே நின்றுவிட்டார். தாழ்போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது மகள் பூவிழியின் குரல்தான். இவ்வளவு கனிவாகப் பேச அவளுக்கு வரும் என்பதே இன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

சத்தம் காட்டாமல் இறங்கி அடுப்படிக்கு வந்தார். “எவனோ கல்யாணம் ஆனவன்கிட்டப் பேசிக்கிட்டிருக்கா உன் மக” என்றார் மனைவியிடம், பல்லைக் கடித்தபடி.

ரெங்கம்மாள் குழம்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “நேத்து யாரோ ஒரு பொம்பளைகிட்ட இதே மாதிரி பேசிக்கிட்டிருந்தா. கேட்டா ஆபீஸ் வேலைங்கிறா. சந்தேகமா இருந்தா நேரா அவகிட்டயே கேளுங்களேன். நீங்க பெத்த பொண்ணுதானே?”

கேட்பதில்தான் சிக்கல். சென்னையில் இருந்த பூவிழி, இனி வீட்டிலிருந்தே வேலை என்று திருவையாற்றுக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. வந்த வாரமே, “அப்படி என்னதாம்மா வேலை?” என்று கேட்டார். “சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா” என்றாள். “புரியாம போறதுக்கு நான் என்ன மாடா?” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அதோடு சரி. ‘சாப்பாடு வச்சிருக்கு’, ‘மோட்டார் போடணும்’ என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் எவனாவது வந்து நின்றால்? போனிலேயே நைச்சியமாகப் பேசி ஆட்களைக் கவிழ்த்த ஒரு கும்பலைப் போன மாதம் போலீஸ் பிடித்ததே, அதில் இருந்ததெல்லாம் படித்த பெண்கள் என்றுதானே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்?

ரெத்தினம் கொல்லைப்பக்கம் போய் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார். ‘மகளிடம் பேசுவது எப்படி’ என்று தேடியதில், ஆன்லைனில் தமிழில் மனநல ஆலோசனை என்று ஒன்று வந்தது. போனில் பேசவும் செய்யலாம், எழுதிக் கேட்டால் எழுதியே பதில் சொல்வார்களாம்.

அதன் மேலும் அவருக்குச் சந்தேகம்தான். பெயர் கேட்ட இடத்தில் ‘பகலவன்’ என்று போட்டார். ஊர் கேட்ட இடத்தில் நாகூர். எதிர்ப்பக்கத்தில் பெயரே இல்லை, ‘ஆலோசகர்’ என்று மட்டும் இருந்தது. இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், பத்து நிமிடம் காத்திருங்கள் என்றது போன்.

காத்திருந்தார்.

‘வணக்கம் சார். சொல்லுங்க.’

‘முதல்ல நீங்க சொல்லுங்க. நிஜ ஆளா, மெஷினா?’

‘நிஜ ஆள்தான். நாங்க பேரைச் சொல்லக் கூடாது. நீங்களும் நிஜப் பேரைத்தான் சொல்லணும்னு இல்ல.’

ரெத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் பொய் என்று கண்டுபிடித்துவிட்டார்களோ? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

‘பொண்ணு மேல சந்தேகம். ரூமைப் பூட்டிக்கிட்டு யார் யார்கூடவோ பேசுது. கேக்கப் போனா சண்டையாயிடுது. என்ன செய்யட்டும்?’

அனுப்பிய கையோடு கரண்ட் போனது. மாடியில் ஃபேன் சத்தம் அடங்கியது. போனில் ஆலோசகரும் காணாமல் போனார்.

‘நெனச்சேன், ஃபிராடு’ என்று எழுந்து, மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார். கரண்ட் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது.

‘மன்னிக்கணும் சார், நெட் கட்டாயிடுச்சு. உங்க பொண்ணும் நீங்களும் சண்டை இல்லாம, சிரிச்சுப் பேசின நாள் ஏதாவது ஞாபகம் இருக்கா?’

இதைக் கேட்டு இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார்.

‘பிளஸ் டூ பரிட்சைக்கு வண்டியில கூட்டிட்டுப் போனேன். வழியில வாய்க்கால் சேத்துல ரெண்டு பேரும் விழுந்துட்டோம். இடுப்பு வரைக்கும் சேறு. அவ ஹால் டிக்கெட்டை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா. அப்படியே போய் எழுதினா. பள்ளிக்கூடம் வரைக்கும் சிரிச்சிக்கிட்டே போனோம்.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். விரல் நிற்கவில்லை.

‘இப்ப அவ பேசறது எனக்குப் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருக்கு. அதான் கத்திடறேன்.’

பதில் வரவில்லை. கரண்ட் இருந்தது. மாட்டுக்கு முன்னால் போட்ட வைக்கோல் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அப்போதும் வரவில்லை.

மனைவியிடம்கூடச் சொல்லாததை முகம் தெரியாத ஆளிடம் கொட்டியாகிவிட்டது. அங்கே நாலு பேராகச் சேர்ந்து படித்துச் சிரிக்கிறார்களோ என்னவோ. எழுதியதை எப்படி அழிப்பது என்று திரையை அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

‘போன்ல எழுதினது போதும்ப்பா. மாடிக்கு வாங்க.’